எட்டுப் புள்ளியும் ஐந்து அப்பமும்

பொதுத்தேர்வு நெருங்கினால் எங்கள் சபையில் ஒரு ஞாயிறு பரீட்சை ஜெபம் உண்டு. பிள்ளைகள் ஹால் டிக்கெட்டும் பேனாவுமாக வரிசையாக முழங்காற்படியிட, குருவானவர் ஒவ்வொரு தலையிலும் கை வைத்து ஜெபிப்பார். நானும் அப்படி நின்றவள்தான். அப்பா வாங்கித் தந்த ஹீரோ பேனா கசிந்து, ஆமென் சொல்வதற்குள் விரலெல்லாம் நீலம்.

அந்த ஜெபத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினாறு வருஷமாகக் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிற எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. மார்க் வரணும், சீட் கிடைக்கணும், ரிசர்ச் பேப்பர் அக்செப்ட் ஆகணும் என்று கேட்கச் சொல்லித்தந்த சபை, அந்தப் பேப்பரில் யார் யார் பெயர் இருக்கலாம் என்று யோசிக்கச் சொல்லித்தரவில்லை.

கல்லூரியில் சாட்சியாக இருப்பது என்றாலே நமக்கு மேஜையில் வசனக் காலண்டர், மதிய இடைவேளையில் ஜெபக்கூட்டம், ஃபேர்வெல்லில் ஆடாமல் ஒதுங்கி நிற்பது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் வருகிற இடம் வேறு.

யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிகளில் ஆசிரியர் பணிக்குப் பார்க்கிற ஒரு புள்ளிக் கணக்கு இருக்கிறது. அறிவியல் துறையில் ஒரு ஆய்வுக் கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி 8. எழுதியவர்கள் இரண்டு பேருக்கு மேல் என்றால் முதன்மை ஆசிரியருக்கு அதில் 70 சதவீதம், மற்ற ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம். ஐந்து பேர் பெயர் போட்டால் என்ன ஆகும்? ஒருவருக்கு 5.6, மீதி நான்கு பேருக்கு ஆளுக்கு 2.4. கூட்டிப் பாருங்கள், 15.2. பங்கு வைக்க வைக்கப் பெருகுகிறது! ஐந்து அப்பம் இரண்டு மீனை இயேசு ஐயாயிரம் பேருக்குப் பங்கிட்ட அற்புதம் கலிலேயாக் கடலோரத்தோடு முடிந்துவிடவில்லை போல.

இப்படிக் கணக்கு இருந்தால் ஸ்டாஃப் ரூமில் என்ன நடக்கும்? "உன் பேப்பர்ல என் பேரைப் போடு, என் பேப்பர்ல உன் பேரைப் போடறேன்." இதை யாரும் திருட்டு என்று நினைப்பதில்லை. உதவி என்றுதான் நினைக்கிறோம். வேலை நிரந்தரமாகாமல் வருஷாவருஷம் ஆர்டருக்குக் காத்திருக்கிற தம்பி ஒருவன் வந்து கேட்டால், இல்லை என்று சொல்வதுதான் அன்பில்லாத செயல் மாதிரித் தெரியும். அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமே இல்லை. நிரந்தர வேலையில் உட்கார்ந்துகொண்டு வாங்கிக்கொள்கிறவர்கள்மேல்தான் கோபம். அதில் நானும் ஒருத்தி, அதற்கு வருகிறேன்.

நீதிமொழிகளில் கள்ளத்தராசு வரும்போதெல்லாம் பிரசங்கத்தில் பலசரக்குக் கடைக்காரர்தான் மாட்டுவார். ஆதர் லிஸ்டும் தராசுதான் என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.

ஃபாரடேயை நம் ஆட்கள் மேடையில் இழுக்காத வருஷமே கிடையாது. "விஞ்ஞானி, ஆனால் விசுவாசி" என்பதோடு முடித்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த கதை 1821-இல் நடந்தது. அந்த வருஷம்தான் அவர் சாண்டிமேனியன் என்ற சிறிய கிறிஸ்தவ சபையில் விசுவாச அறிக்கை செய்து அங்கத்தினர் ஆனார். சில மாதங்களிலேயே, மின்சாரம் ஓடும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழல்வதைக் கண்டு கட்டுரை வெளியிட்டார். அதே விஷயத்தை யோசித்துக்கொண்டிருந்த மூத்த விஞ்ஞானி வோலஸ்டன் பெயர் அதில் இல்லை. திருடிவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. ஃபாரடே அப்போது கொல்லன் மகன், புத்தகம் பைண்டிங் செய்து பழகியவர், பெரிய மனிதர்களுக்கு நடுவில் உதவியாளர். அவர் வோலஸ்டனுக்கே நேராகக் கடிதம் எழுதி விளக்கம் சொன்னார். பேச்சு அடங்கவில்லை. 1823-இல் யார் என்ன செய்தார்கள் என்ற வரலாற்றைத் தனியாக எழுதி அச்சிட்டார். அந்தச் சமயத்தில் ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானிகள் சங்கத்தின் அங்கத்தினர் தேர்தலில் அவரை எதிர்த்தவர், அவரை உதவியாளராகச் சேர்த்து வளர்த்துவிட்ட விஞ்ஞானி டேவியேதான். சபையில் சேர்ந்த கையோடு ஒரு மனிதனுக்கு வந்த முதல் பெரிய சோதனை, கட்டுரையில் யார் பெயர் என்பது. இதை மேடையில் யாராவது சொன்னால் நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

இனி என் கதை. 2019-இல் வந்த ஒரு கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக இருக்கிறது. அதை நான் முதல்முறை வாசித்தது அச்சான பிறகுதான். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். "தேங்க்ஸ் சார்" என்றுதான் சொன்னேன். அந்த ஞாயிறு திருவிருந்தும் எடுத்தேன். பாவ அறிக்கை சொல்லும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

போன வருஷம் வேறொரு கல்லூரியில் அசோசியேட் ப்ரொஃபசர் பணிக்கு விண்ணப்பம் போட்டேன். குறைந்தது 75 புள்ளி வேண்டும். ராத்திரி உட்கார்ந்து கட்டுரைப் பட்டியல் அடித்தபோது, என் ஆய்வு மாணவி அன்று மதியம் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. "மேம், லேப்ல கூட இருந்த அக்கா பேரையும் போட்டுடவா? அவங்க ஒண்ணும் செய்யல, ஆனா பாவம்." வேண்டாம்மா, நன்றி சொல்கிற இடத்தில் போடு என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன வாயோடு 2019 கட்டுரையை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? விட்டுவிட்டேன். அதில்லாமலே 75 தாண்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தாண்டியிருக்காவிட்டால் விட்டிருப்பேனா, தெரியாது.

மறுநாள் ஆபீஸில் விண்ணப்பத்தை ஃபார்வர்ட் செய்ய வாங்கிய சூப்பிரண்டு, பழைய ஃபைலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், "மேடம், ஒரு பேப்பர் விட்டுப்போச்சே?"

"மறந்துட்டேன் சார், பரவாயில்ல, இருக்கட்டும்" என்றேன்.

உண்மையான காரணத்தை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கூகுள் ஸ்காலரில் அந்தக் கட்டுரை இன்னமும் என் பெயரில்தான் இருக்கிறது.