மரக்கன்று இருக்கட்டும், நிலக்கரியைப் பேசுங்கள்

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 நெருங்கினால் போதும், மரக்கன்றுப் படங்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. பூமி சூடாகிறதா? மரம் நடுங்கள், பிளாஸ்டிக் பையைத் தவிருங்கள், ஓசோனைக் காப்பாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டி நம் தலையில் வைத்துவிடுகிறார்கள். மரம் நடுவதில் எனக்கு மறுப்பே இல்லை, தாராளமாக நடுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது என்று கலைந்துபோவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஓசோன் சிக்கல் வேறு. குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃபுளோரோ கார்பன் வாயுக்கள் வானில் உள்ள ஓசோன் படலத்தை அரித்தன. 1987இல் மாண்ட்ரியலில் உடன்படிக்கை போட்டு அவற்றின் உற்பத்தியையே படிப்படியாக நிறுத்தினார்கள். படலம் மெல்லத் தேறிவருகிறது. (அந்த வாயுக்களும் வெப்பத்தைப் பிடித்துவைப்பவைதான். அந்த வகையில் நமக்கு இரட்டை லாபம்.)

வெப்பமயமாதலுக்கு முதன்மைக் காரணம், பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த கரிமத்தைத் தோண்டி எரிப்பது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்குச் சுமார் 280 கரியமில வாயுவாக இருந்தன. 1958இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலைமீது சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி அளக்கத் தொடங்கியபோது அது ஏறக்குறைய 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

"இதெல்லாம் இயற்கை, எரிமலைகள் கக்காததா?" என்று கேட்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். எரிமலைகள் ஓராண்டில் உமிழ்வது மனிதர் உமிழ்வதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மட்கும் மரஞ்செடிகளிலிருந்து வந்ததாக இருக்குமோ என்றால், கரிமம்-14 சாட்சி சொல்லும். கதிரியக்கம் கொண்ட இந்தக் கரிமம் 5,730 ஆண்டுகளில் பாதியாகத் தேய்ந்துவிடும்; எனவே நிலக்கரியில் அது மிஞ்சியிருக்காது. அந்தப் பழைய கரிமம் கலப்பதால் காற்றில் கரிமம்-14இன் பங்கு நீர்த்துவருவதை 1950களிலேயே ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி காட்டிவிட்டார். சூரியன்தான் காரணம் என்பவர்களுக்கும் பதில் உண்டு: வெயில் கூடியிருந்தால் வளிமண்டலம் மேல் அடுக்குவரை சூடேறியிருக்க வேண்டும். தரையை ஒட்டிய அடுக்கு சூடாகிறது, அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலமோ குளிர்ந்துவருகிறது. அடியில் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுப் போர்வை தடித்தால் இப்படித்தான் நடக்கும்.

இப்போது மரத்துக்கு வருவோம். வளரும்போது மரம் காற்றிலிருந்து கரிமத்தை வாங்குகிறது. மட்கினாலோ எரிந்தாலோ அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. காட்டை அழித்து வெளியேற்றியதைக் காடு வளர்த்து ஓரளவு மீட்கலாம். நிலக்கரி இந்தக் கொடுக்கல் வாங்கலிலேயே இல்லாத கரிமம். நாம் இன்று வெளியிடும் கரியமில வாயுவில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே தங்கும். எந்த மரம் அவ்வளவு காலம் அதைக் காவல் காக்கும்? உமிழ்வைக் கொஞ்சம் குறைத்தாலும் காற்றில் அதன் அளவு ஏறிக்கொண்டேதான் போகும். வெப்பநிலை ஏறாமல் நிற்க வேண்டுமானால் உமிழ்வு நிகரக் கணக்கில் பூஜ்யமாக வேண்டும்.

விளைவு என்றால் எல்லோரும் அனல்காற்றை மட்டும் பேசுகிறார்கள். கூடுதல் வெப்பத்தில் சுமார் 90 சதவீதம் கடலுக்குள் போகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சூடான நீர் விரிகிறது. பனி உருகாவிட்டாலும் கடல் மட்டம் உயரும். பவளத்திட்டுகள் வெளிறுகின்றன. மேலே, காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். மழை பெய்யாத நாளில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சுவதும் பெய்கிற நாளில் கொட்டித் தீர்ப்பதும் அதே காற்றுதான். வறட்சியும் வெள்ளமும் ஒன்றுக்கொன்று முரண் என்று வாதிடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

2024 இதுவரை பதிவானவற்றிலேயே மிக வெப்பமான ஆண்டு. 1850–1900 சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்கிறது உலக வானிலை அமைப்பு.

உலகத் தலைவர்களும் நம் மரக்கன்றுப் பதிவர்களைப் போலத்தான். 2015 பாரிஸ் பருவநிலை உடன்படிக்கையைத் தேடிப் படியுங்கள்: நிலக்கரி என்ற சொல்லும் இல்லை, எண்ணெய் என்ற சொல்லும் இல்லை. 2021இல் கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டின் தீர்மானத்தில் நிலக்கரி இடம்பெற்றது. அங்கும் கடைசி நேரத்தில் "படிப்படியாக நிறுத்துவோம்" என்பது "படிப்படியாகக் குறைப்போம்" என்று சுருங்கியது. புதைபடிவ எரிபொருள்களிலிருந்து விலக வேண்டும் என்று எழுதுவதற்கு 2023இல் துபாயில் கூடிய 28ஆவது மாநாடுவரை ஆனது. மாண்ட்ரியலில் எந்த வேதிப்பொருளை எந்த ஆண்டுக்குள் எவ்வளவு குறைப்பது என்று கணக்குப் போட்டுக் கையெழுத்திட்டார்கள். எந்த நாடு எவ்வளவு நிலக்கரியை எப்போது நிறுத்தும் என்ற கணக்கு துபாய்த் தீர்மானத்தில் கிடையாது.