கோயில் கதவுதான் திறந்திருந்தது

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் பகிரப் போகிறீர்கள்? பர்மாவில் ஒரு அம்மன் சன்னதியில் தலைவிரிகோலமாக அந்தப் பெண், வேப்பிலையோடு பூசாரி, பக்கத்தில் அழுதுகொண்டு அவள் தாய். கீழே சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற நம் சொந்தக்காரர்களே சிரிப்புப் பொம்மை போட்டு, "படிக்காத பர்மாக்காரங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகத் தெரியாதா?" என்கிறார்கள்.

எந்த டாக்டரிடம்? சொல்லுங்கள்.

மனநோய்க்கென்று இருக்கும் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் ரங்கூனில் (இப்போதைய யாங்கோன்) ஒன்று, மண்டலேயில் ஒன்று. 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அரசு டாக்டர்கள் எத்தனையோ பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். தட்டோன் பக்கத்துக் கிராமத்தில் நடுராத்திரி ஒரு பிள்ளைக்குக் காதில் குரல் கேட்டால், ஓடிப்போய்த் தட்டுவதற்கு இருப்பது கோயில் கதவுதான்.

என் தம்பிக்கு 19 வயதில் ஆரம்பித்தது. தூக்கம் போனது. சாப்பாட்டில் யாரோ மருந்து வைக்கிறார்கள் என்றான். அம்மா தாயத்து கட்டினாள். பக்கத்து வீட்டு பர்மிய அக்கா, செய்வினை பார்க்கும் சயாவிடம், அதாவது பர்மிய மந்திரவாதியிடம், காட்டச் சொன்னாள், காட்டினோம். கோயிலிலும் கிடந்தான், நாலு மாதம் போனது. கடைசியில், "தங்கச்சி, இது என் கையில இல்ல, ரங்கூனுக்குக் கூட்டிட்டுப் போ" என்று அம்மாவிடம் சொன்னது யார்? எங்கள் பூசாரி மாமா. பஸ்ஸுக்குக் காசும் கொடுத்தார். எங்களுக்கு டாக்டரைக் காட்டியதே கோயில்தான்.

மாதம் ஒரு ஊசி. மூன்றாவது ஊசிக்குப் பிறகு, "சோறு போடும்மா" என்றான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பஸ் காசுக்கு வழியில்லை, நன்றாகத்தானே இருக்கிறான் என்று விட்டுவிட்டோம். ஊசியை நிறுத்தினால் திரும்ப வரும் என்று அம்மாவுக்குப் புரிகிற மாதிரி யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது கடைத்தெரு பர்மியம். திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக.

"அப்போ அடிக்கிறது சரியா?" என்று கேட்பீர்கள். இல்லை. அடியும் சங்கிலியும் எந்தச் சாமி பேரிலும் தப்பு. ஆனால் வீடியோவை நன்றாகப் பாருங்கள், அவர் அடிக்கவில்லை, வேப்பிலையால் வருடுகிறார்.

"பூசாரியால்தான் வைத்தியம் தாமதமாகுது" என்று ஒருவர். தாமதமாகும், என் வீட்டில் நாலு மாதம். அப்படியென்றால் பூசாரிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், எந்த அறிகுறி கண்டால் அனுப்ப வேண்டும் என்று. சிரித்தால் யாருக்கு என்ன கிடைக்கும்?

இன்னொன்றும் சொல்கிறேன். சென்னையில் கீழ்ப்பாக்கம் போல இங்கே தடாகலே என்ற பெயர். ரங்கூனில் பழைய மனநோய் ஆஸ்பத்திரி இருந்த இடம், இன்றும் வசைச்சொல். தம்பி கோயிலில் கிடந்த நாலு மாதமும் ஊர் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தது. ஊசி போட்டான் என்று தெரிந்த வாரமே அக்காவுக்குப் பேசிய சம்பந்தம் நின்றது. நிறுத்தியவர்கள் படித்தவர்கள்.

படிக்காதவர்கள் என்கிறீர்களே. 1960களில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது எங்கள் தமிழ்ப் பள்ளிகள் போயின. உங்கள் தாத்தா இந்தியாவுக்குக் கப்பலேறினார், என் தாத்தா இங்கேயே இருந்துவிட்டார். இந்தப் பதிவை எழுதும் தமிழை, அதே மாதிரி ஒரு கோயில் மண்டபத்தில், சாயங்கால வகுப்பில்தான் படித்தேன்.

அந்த வீடியோவை எடுத்துவிடுங்கள். பெண்ணின் முகம் தெளிவாகத் தெரிகிறது. ஓரத்தில் அவள் தங்கை நிற்கிறாள், அவள் முகமும்.