சர்க்கரைக்கு மட்டும் அறிகுறி தேவையில்லையாம்

எங்கள் ஃப்ளாட்ஸ் வாட்ஸ்அப் குழுவில் நடந்த சண்டையின் ஸ்க்ரீன்ஷாட் இந்நேரம் உங்கள் எல்லோர் போனுக்கும் வந்திருக்கும், அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. எங்கள் நங்கநல்லூர் ஃப்ளாட்ஸில் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் ரத்து. "ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களைக் கூப்பிட்டு டெஸ்ட் எடுப்பதெல்லாம் கார்ப்பரேட் வியாபாரம், ஏதாவது வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு மாமா குழுவில் எழுதினார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. சங்கச் செயலாளரும் "பெரியவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கும்" என்று முடித்துவிட்டார். முகாமுக்கு ஏற்பாடு செய்த எனக்கு இதில் கமிஷன் எவ்வளவு என்று வேறு ஒருவர் கேட்டிருந்தார், சிரிப்பு பொம்மையோடு. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அதே மாமா வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலை ஆறரைக்கு லேப் பையன் வருகிறான். வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி. மாமாவுக்குச் சர்க்கரை கிடையாது, இதுவரை வந்ததும் கிடையாது. வந்துவிடக் கூடாதே என்று பார்க்கிறார். ரொம்ப சரி, பார்க்கட்டும். பிபிக்கும் அப்படித்தானே, தலை சுற்றி விழுந்த பிறகா கையில் பட்டை கட்டுகிறோம்? அதெல்லாம் வியாபாரம் இல்லை. ரிசல்ட் நார்மல் என்றால் அன்றைக்கு ஒரு ஜாங்கிரி கூட உண்டு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்க வேண்டியது வீட்டுப் பெண்கள் மட்டும்தான், அதுவும் உடம்பில் அந்த ஒரு இடத்துக்கு மட்டும்தான்.

இந்தப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்.பி.வி. என்கிற வைரஸால் வருவது. பெரும்பாலும் அந்தத் தொற்று ஒன்றிரண்டு வருடத்தில் தானாகப் போய்விடும். போகாமல் தங்கிவிட்டால் செல்கள் மெல்ல மெல்ல மாறி, புற்றுநோயாக முற்றப் பொதுவாக 15 முதல் 20 வருடம் எடுக்கும். அத்தனை வருடமும் வலி கிடையாது, ஒன்றும் கிடையாது. அப்போது கண்ணில் பட்டுவிட்டால் அந்த இடத்தை உறைய வைத்தோ சூடு வைத்தோ சரி செய்து அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அறிகுறி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் அந்த 15 வருடத்தையும் சும்மா விட்டுவிடுங்கள் என்றுதானே அர்த்தம்? முகாமில் செய்யவிருந்தது என்ன தெரியுமா? வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து, பஞ்சில் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் கழித்து எங்காவது வெள்ளையாக மாறுகிறதா என்று நர்ஸ் பார்ப்பார். அவ்வளவுதான் உங்கள் கார்ப்பரேட் சதி.

அமெரிக்காக்காரன் சொன்னது என்று கிளம்பாதீர்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000ஆம் ஆண்டு தொடங்கி, பயிற்சி கொடுத்த நர்ஸ்களை வைத்து இதே பஞ்சுச் சோதனையைச் செய்து பார்த்தார்கள். சோதனை நடந்த பகுதிகளில் இந்தப் புற்றுநோயால் நேரும் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது, 2007இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. காட்டு வேலைக்குப் போகிற அக்காக்கள் கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டு வந்து படுத்ததால் உலகத்துக்கே தெரிந்த விஷயம் இது, நங்கநல்லூரில் மட்டும் செல்லாது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒரு தடவையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் நாட்டில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை. தமிழ்நாடு பரவாயில்லை என்று தோளில் தட்டிக்கொள்ளலாம், இங்கேயும் நூற்றுக்குப் பத்தைத் தொடவில்லை.

இப்போது படித்தவர்கள் தென்கொரியாவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். தெரியும் சார். அங்கே ஆளாளுக்குத் தைராய்டை ஸ்கேன் செய்யப்போய் 1993க்கும் 2011க்கும் நடுவில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கானது, சாவு எண்ணிக்கை அசையவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டிருக்க வேண்டிய பலருக்குக் கழுத்தில் கத்தி, ஆயுசுக்கும் மாத்திரை. இங்கிலாந்தில் இரண்டு லட்சம் பெண்களை வைத்துப் பல வருடம் ஆராய்ந்தும், சிஏ-125 ரத்தப் பரிசோதனையால் சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. ஒத்துக்கொள்கிறேன், எல்லாப் புற்றுநோய்க்கும் முன்கூட்டியே துழாவுவது நல்லதில்லை. ஆனால் அதே சிஏ-125தான் உங்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. வியாபாரம் என்று கத்த வேண்டிய இடம் அது. அங்கே கத்த மாட்டீர்கள், மகன் துபாயிலிருந்து ஆன்லைனில் புக் செய்து கொடுத்ததாயிற்றே.

தப்பாகக் காட்டிவிட்டால்? காட்டும், சில சமயம். அதனால்தான் அதற்கு மேல் இன்னொரு சோதனை வைத்திருக்கிறார்கள். பரம்பரையில் யாருக்கும் இல்லையா? வைரஸ் ஜாதகம் பார்ப்பதில்லை. கம்பும் தினையும் சாப்பிடுகிறீர்களா, நன்றாகச் சாப்பிடுங்கள். மூன்றாவது மாடியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், இந்த நேரத்தில் வாசலில் கேன்சர் என்று பேனர் கட்டினால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள், ஃப்ளாட் வாடகைக்குப் போகுமா என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, உண்மையாகவே இல்லை.

என் பெரியம்மா வில்லிவாக்கத்தில் இருந்தார். மாதவிலக்கு நின்று ரொம்ப வருடம் கழித்துத் திரும்ப ரத்தம் படத் தொடங்கியது, யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் சோபாவில் உட்காருவதை நிறுத்தினார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார், எழுந்ததும் முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் நகர்வார். நாங்கள் சுத்தம் பார்க்கிறார் என்று கேலி செய்தோம். தெரிய வந்தபோது மூன்றாவது ஸ்டேஜ். கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், வைத்தும் ஒரு தீபாவளியைத்தான் பார்த்தார்.

உடனே ஒருவர் பிடித்துக்கொள்வார், அவருக்குத்தான் அறிகுறி இருந்ததே, இது எப்படி உங்கள் வாதத்துக்கு உதவும் என்று. கேட்கலாம். அவருடைய நாற்பதுகளில் யாராவது ஒரு நர்ஸ் ஒரு தடவை பார்த்திருந்தால் அந்த நாற்காலி வரைக்கும் வந்திருக்குமா என்பதுதான் நான் கேட்பது. பெரியப்பாவுக்கு வருடா வருடம் ஈசிஜி எடுக்க ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனது பெரியம்மாதான். வெளியே பெஞ்சில் ஃப்ளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். வந்ததே வந்தோம், உனக்கும் ஏதாவது பார்த்துவிடலாமா என்று ஒருத்தர் கேட்டதில்லை. அவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்?

இப்போது எதிர்த்து எழுதியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் பணமும் வியாபாரமும் பிரச்சினை? இந்த வைரஸ் எப்படித் தொற்றும் என்று கூகுளில் பார்த்துவிட்டு, "நல்ல குடும்பத்துப் பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று ஒருவர் எழுதி, ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டார். நான் படித்துவிட்டேன் சார். தாம்பத்தியம் நடத்துகிற ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இந்தத் தொற்றைக் கடந்துதான் வருகிறார்கள். பெண்ணுக்குக் கொண்டுவந்து கொடுப்பது யார் என்ற ஆராய்ச்சிக்கு நான் போகவில்லை, நீங்களும் போகாதீர்கள், வீட்டில் சண்டை வரும்.

கமிஷன் கேட்டவருக்கு. டாக்டர், நர்ஸ்களுக்கான இட்லியும் காபியும் என் செலவு, முதல் மாடியில் காலியாக இருக்கும் ஃப்ளாட்டைக் கழுவிவிட்டது நானும் வீட்டு வேலைக்கு வரும் அக்காவும். அந்த அக்கா தன் தெருவிலிருந்து நான்கு பேரைக் கூட்டி வருவதாக இருந்தார். வேண்டாம், ரத்து என்று நான்தான் போனில் சொன்னேன். "ஏம்மா, அவங்கல்லாம் படிச்சவங்கதானே" என்றார். பத்து வருடமாக இந்தச் சங்கத்துக்கு டேங்கர் லாரிக்குப் போன் போடுவதிலிருந்து லிஃப்ட்காரரோடு மல்லுக்கட்டுவது வரை செய்தவளிடம் கமிஷன் எவ்வளவு என்று கேட்பீர்கள், அதற்கும் நாலு பேர் சிரிப்பீர்கள்.

முகாம் அடுத்த ஞாயிறு, இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன மண்டபத்தில். 30 வயதுக்கு மேற்பட்ட யாரும் வரலாம், மாதவிலக்கு நாளாக இருந்தால் மட்டும் வேண்டாம், இன்பாக்ஸில் பெயர் சொல்லிவிடுங்கள். செயலாளர் சார், என் காசில் அடித்த பேனரை உங்கள் ஸ்கூட்டருக்குப் போர்த்தி வைத்திருக்கிறீர்கள். சனிக்கிழமைக்குள் வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுங்கள், கட்ட வேண்டும்.