கூவி விற்றால் இளக்காரமா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்திருந்தவர்களுக்கு நான் ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியும். "டிவியில கூவி வித்த ஆளையெல்லாம் கண்டுபிடிப்பாளர்னு சொல்லாதீங்க" என்று, டிவி விளம்பரங்களில் சமையலறைச் சாமான்கள் விற்ற அமெரிக்கர் ரான் போபீலைப் பற்றி அங்கே பேசிய ஒருவர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

போபீல் பதின்ம வயதிலேயே சிகாகோவின் மேக்ஸ்வெல் தெருச் சந்தையில் நின்று, அப்பாவின் தொழிற்சாலைச் சாமான்களை விற்றவர். 1964-ல் ரான்கோ நிறுவனத்தைத் தொடங்கினார். சொன்னதை நம் கண்ணெதிரே செய்து காட்டித்தான் விற்றார். செய்து காட்டுகிறவன் பொய் சொல்ல முடியாது. கருவி காயை நறுக்கவில்லை என்றால் கூட்டம் அங்கேயே கலைந்துவிடும்.

"காய் நறுக்கும் கருவியெல்லாம் அப்பா சாமுவேல் கண்டுபிடித்தது, மகன் வெறும் விற்பனையாளர்" என்பீர்கள். சரி, வெஜ்-ஓ-மேட்டிக் என்ற அந்தக் காய் நறுக்கி அப்பாவுடையதுதான். 1998-ல் வந்த, கோழியைச் சுழற்றிச் சுடும் ஷோடைம் ரோட்டிசரி அடுப்பு யாருடையது? கூட்டாளி ஆலன் பேக்கஸோடு சேர்ந்து போபீல் உருவாக்கியது. கோழி உள்ளே சுழல்வது கேமராவுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று கண்ணாடிக் கதவைச் சாய்த்து அமைத்தார்கள். பொருளைச் செய்யும்போதே அதை எப்படிக் காட்டுவது என்றும் யோசித்திருக்கிறார். இது மூளை இல்லையா? கூவுகிறவனுக்கு மூளை இருக்காது என்று யார் சொன்னது?

வழுக்கையை மறைக்க அடிக்கச் சொல்லி அவர் விற்ற ஸ்ப்ரேயை இழுப்பீர்கள் என்று தெரியும். வெஜ்-ஓ-மேட்டிக் மாதிரியான சாமான்களுக்காக 1993-ல் இக் நோபல் என்ற கேலிப் பரிசையும் கொடுத்துக் கேலி செய்தார்கள். செய்யட்டும். ஒரு ஸ்ப்ரேயையும் ஒரு கேலிப் பரிசையும் வைத்து ஒரு மனிதனின் முழு உழைப்பையும் எடை போடுவது அநியாயம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? என் சித்தப்பா பொருட்காட்சிகளில் காய் சீவும் கட்டை விற்றவர். கேரட்டைக் காசு காசாகச் சீவிக்கொண்டே பேசுவார். கண் ஜனங்கள் மேலேயே இருக்கும், கை தானாக ஓடும். வாங்கத் தயங்கும் பெண்களிடம் கட்டையைக் கொடுத்து, "நீங்களே சீவிப் பாருங்கம்மா" என்பார். ராத்திரி தொண்டை கட்டிப்போய், சித்தி வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுப்பார். அந்தக் கட்டையில் விரல் வெட்டுப்படாமல் இருக்க ஒரு மரப்பிடியைத் தானே செதுக்கிச் சேர்த்தார். அதையும் யாரும் கண்டுபிடிப்பு என்று சொல்லவில்லை.

கல்யாண வீடுகளில் "என்ன தொழில்?" என்று கேட்டால் சொந்தக்காரர்களே பேச்சை மாற்றுவார்கள். அவர்கள் வீட்டு அடுப்படியிலும் சித்தப்பா கொடுத்த கட்டைதான் கிடந்தது. காசு கூட வாங்கியிருக்க மாட்டார்.

"வியாபாரம் வேற, அறிவு வேற" என்று கீழே எழுத வருகிறவர்கள், முன்பின் தெரியாத பத்துப் பேரைச் சந்தையில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.