டைமிங் செயின் ஆயுசுக்கும் வருமா?

"பெல்ட்தான் அறும், செயின் ஆயுசுக்கும் வரும். இன்ஜின் வேலை பார்க்கும்போது பழைய செயினையே கழுவி மாட்டலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு, நம்பாதீர்கள். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோவதுதான் டைமிங் செயின்; சில இன்ஜின்களில் அதே வேலையை பெல்ட் செய்யும்.

செயின் 'நீளுது' என்கிறோமே, அங்கே இரும்பு இழுபடுவதில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் பின் உரசித் தேய்கிறது. ஒரு கண்ணியில் அது முடியளவுகூட இருக்காது. எல்லாக் கண்ணியிலும் சேரும்போது கேம் ஷாஃப்ட் பின்தங்கி, வால்வு திறக்கும் நேரம் தப்பும். பழையதையும் புதியதையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள், நன்றாகத் தேய்ந்த செயின் கீழே இறங்கி நிற்கும்.

ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் ஃபியட் இன்ஜினிலும் செயின்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி கடகடவென்றால், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு ஆயில் அழுத்தம் ஏறும்வரை தளர்ந்த செயின் அடிப்பதாக இருக்கலாம்.

செயினை மட்டும் மாற்றுவதும் அரைகுறை வேலைதான். பல் தேய்ந்த ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பற்சக்கரம்) புதுச் செயினையும் சீக்கிரம் தின்றுவிடும். கைடு (செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் பட்டை), டென்ஷனர், ஸ்ப்ராக்கெட் எல்லாம் செட்டாகப் போடுங்கள். கைடு உடைந்திருந்தால் இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பையும் கழற்றுங்கள், பிளாஸ்டிக் துண்டு ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும்.

மாட்டியபின், செல்ஃப் அடிக்கும் முன், கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி டைமிங்கைச் சரிபாருங்கள். நடுவில் முட்டினால் பலவந்தம் வேண்டாம். வால்வு பிஸ்டனில் இடிக்கக்கூடும்.