நிலா ராக்கெட்டின் உயரத்தை விடுங்கள், அது எத்தனை முறை பறந்தது?

குலசேகரன்பட்டினத்திலிருந்து நிலாவுக்கு ஆள் போகப் போகிறது என்று ஒரு செய்தி எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் அடிக்கடி சுற்றி வருகிறது. கூடவே முத்தாரம்மன் கோயிலுக்குப் பின்னால் ஒரு ராட்சத ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு கிளம்புவதாக ஒட்டுவேலை செய்த படம் வேறு. அனுப்புகிறவர்களைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. சொந்த ஊர்ப் பெருமை யாருக்குக் கசக்கும்? ஆனால் குலசையில் வருவது எஸ்எஸ்எல்வி என்ற சிறிய ராக்கெட்டுக்கான ஏவுதளம். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அந்த ராக்கெட் பூமியை ஒட்டிய தாழ்ந்த சுற்றுப்பாதைக்குச் சுமந்து செல்லும் எடை சுமார் 500 கிலோ. குலசைக்கு நேர் தெற்கே கடல்தான் என்பதால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போவதுபோல இலங்கையைச் சுற்றி வளைந்து எரிபொருளை வீணாக்க வேண்டியதில்லை. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

நிலாவோடு எங்கள் சீமைக்கு உண்மையான உறவு இருப்பது மகேந்திரகிரியில். பணகுடி தாண்டிக் காவல்கிணறு போகும் சாலையில் மேற்கே நிற்கிறதே, அந்த மலையின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. விகாஸ் எஞ்சின் ஆகட்டும், கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சின் ஆகட்டும், இங்கே கட்டிப்போட்டு எரித்துப் பார்த்த பிறகுதான் பறக்கப் போகின்றன. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐத் தூக்கிச் சென்ற எல்விஎம்3 ராக்கெட்டில் இருந்தவை இந்த இரண்டு வகை எஞ்சின்களும், பக்கத்துக்கு ஒன்றாக நின்று தள்ளும் திட எரிபொருள் பூஸ்டர்கள் இரண்டும்தான்.

இந்த மலைக்குப் பக்கத்தில் வாழ்வதாலோ என்னவோ, நிலா ராக்கெட் பற்றிய பேச்சில் எல்லோரும் முதலில் உயரத்தைக் கேட்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஆளை ஏற்றும் ராக்கெட்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. அதை முழுதாகத் தரையில் எரித்துப் பார்த்தார்களா? ஆளில்லாமல் எத்தனை முறை பறந்திருக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு நல்ல பதில் சொல்ல முடியாத ராட்சத ராக்கெட்டைவிட, அடிக்கடி பறக்கும் நடுத்தர ராக்கெட்டுகள் சிலவற்றை ஏவி, சுமையை மேலே போய் இணைத்துக்கொள்வதே மேல் என்பது என் கட்சி.

இது புதுக் கட்சி அன்று. 1961இல் அமெரிக்காவில் நிலாவுக்குப் போகும் வழி பற்றிப் பெரிய சண்டை நடந்தது. நோவா என்றொரு பூதாகரமான ராக்கெட்டைக் கட்டி, ஒரே கலத்தை நேராக நிலாவில் இறக்கி, அதே கலத்தைத் திரும்பக் கிளப்பிக் கொண்டுவரலாம் என்றார்கள் ஒரு சாரார். ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் மாற்றிச் சொன்னார்: தாய்க்கலம் நிலாவைச் சுற்றிக்கொண்டிருக்கட்டும், ஒரு சின்ன இறங்குகலம் மட்டும் கீழே போய்வரட்டும். திரும்பி வருவதற்கான எரிபொருளையும் வெப்பக் கவசத்தையும் நிலாவின் தரைவரை இறக்கி மறுபடி ஏற்றுவானேன்? மேலதிகாரிகளைத் தாண்டி நாசாவின் மேலிடத்துக்கே கடிதம் எழுதினார். 1962இல் அவர் சொன்ன வழியே முடிவானது. நோவா காகிதத்தோடு நின்றுவிட்டது. அப்பல்லோ வீரர்களைத் தூக்கிச் சென்ற 110 மீட்டர் உயரமுள்ள சாட்டர்ன் 5 போதுமென்று ஆனதற்குக் காரணம், சுமையைப் பிரித்ததுதான். நாம் பார்த்து வாய்பிளக்கிற சாட்டர்ன் 5, உண்மையில் சிறிய ராக்கெட்டுக் கட்சியின் வெற்றி.

சோவியத்தின் என்1 ராக்கெட் கதை மகேந்திரகிரிக்காரர்கள் மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கிளம்பும்போது எரிகிற அடிப்பகுதியான முதல் அடுக்கில் 30 எஞ்சின்கள். அந்த அடுக்கை முழுதாகத் தரையில் கட்டி எரித்துப் பார்க்கும் மேடையை அவர்கள் கட்டவே இல்லை. செலவு, அவசரம். 1969 பிப்ரவரியிலிருந்து 1972 நவம்பர் வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கு முறையும் முதல் அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே போயிற்று. இரண்டாவது முயற்சியில், 1969 ஜூலை 3 அன்று, ராக்கெட் ஏவுதளத்தின் மேலேயே விழுந்து அதை நாசமாக்கியது. பதினேழே நாளில் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் இறங்கிவிட்டார். தரையில் கண்டுபிடித்திருக்க வேண்டிய கோளாறுகளை அவர்கள் வானத்தில் கண்டுபிடித்தார்கள்.

இதற்கு நேர்மாறான காட்சி இங்கேயே நடந்திருக்கிறது. எல்விஎம்3இல் விகாஸ் எஞ்சின்கள் இருக்கும் எல்110 அடுக்கை 2010 மார்ச்சில் மகேந்திரகிரியில் எரித்தபோது, 200 விநாடி எரிய வேண்டியது 150 விநாடியில் நின்றுபோனது. கசிவு. சரிசெய்து, அதே ஆண்டு செப்டம்பரில் 200 விநாடியும் எரித்தார்கள். அமெரிக்காவிலும் 2021 ஜனவரியில் நாசாவின் புதிய நிலா ராக்கெட்டான எஸ்எல்எஸ்ஸின் மைய அடுக்கை ஸ்டென்னிஸ் சோதனை மையத்தில் எரித்தபோது எட்டு நிமிடச் சோதனை ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றது. மார்ச்சில் மறுபடி எரித்து முடித்தார்கள். ‘சோதனை பாதியில் நின்றது’ என்று பத்திரிகைகள் இதைத் தோல்விச் செய்தியாகப் போடும்போது எனக்குச் சிரிப்பு வரும். அந்த மேடையைக் கட்டியதே அதற்குத்தானே?

எஸ்எல்எஸ் என்று சொல்லிவிட்டேன், அதன் பிறப்பையும் சொல்லியாக வேண்டும். 2004இல் அதிபர் புஷ் நிலாவுக்குத் திரும்புவோம் என்று அறிவித்தார். ஆரெஸ் 1, ஆரெஸ் 5 என்று இரண்டு ராக்கெட்டுகளுக்குத் திட்டம் போட்டார்கள். ஆட்கள் சின்னதில், இறங்குகலமும் சரக்கும் பெரியதில், பூமியைச் சுற்றும் பாதையில் இரண்டும் இணைந்து நிலாவுக்குக் கிளம்பும். யோசனை என்னவோ அருமை. செய்த விதம்தான் கோணல். விண்ணோடத்தின் (ஸ்பேஸ் ஷட்டில்) எஞ்சின், பூஸ்டர் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆரம்பித்து, நான்கு துண்டு பூஸ்டர் ஐந்து துண்டாகி, மேல் அடுக்கின் எஞ்சின் மாறி, பெரிய ராக்கெட்டின் எஞ்சினும் மாறி, கடைசியில் ‘பழைய பாகம்’ என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஒற்றைத் திட எரிபொருள் தூணின் உச்சியில் ஆட்களை உட்கார வைத்ததால் அதிர்வுத் தொல்லை வேறு. 2009 அக்டோபரில் ஒரு சோதனைப் பறப்பு. 2010இல் கதை முடிந்தது.

அதன் சாம்பலிலிருந்து அமெரிக்க நாடாளுமன்றம் எழுப்பியதுதான் எஸ்எல்எஸ். எந்தெந்த மாநிலத்தில் எந்தெந்தத் தொழிற்சாலை மூடப்படக் கூடாது என்பதே அதன் வரைபடத்தின் பாதி. விண்ணோடத்தில் திரும்பத் திரும்பப் பறக்கவென்றே செய்த ஆர்எஸ்-25 எஞ்சின்கள் நான்கை, ஒவ்வொரு பயணத்துக்கும் கடலில் போட்டுவிடுகிறார்கள். ஒரு எஞ்சினை எரித்து, பிரித்து, துடைத்து, மறுபடி பூட்டும் வேலை எத்தனை பேருடைய உழைப்பு என்று தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டால் வயிறு எரியும். நாசாவின் தலைமைத் தணிக்கையாளர் 2022இல் சொன்ன கணக்கு: ஆட்கள் உட்காரும் ஓரியன் கலம், தரை ஏற்பாடுகள் உட்பட ஒரு ஏவலுக்கு 410 கோடி டாலர். நம் பணத்தில் 34,000 கோடி ரூபாய்க்குக் குறையாது. சந்திரயான்-3இன் மொத்தச் செலவு சுமார் 615 கோடி ரூபாய்.

நியாயமாகவும் பேசிவிடுகிறேன். 2022 நவம்பர் 16 அன்று எஸ்எல்எஸ் முதல் முறையே பிசகில்லாமல் பறந்தது. ஆட்களைத் தப்பவைக்கும் கோபுரம் அதன் உச்சியில் இருக்கிறது. ஆனால் அத்தனை செலவுக்குப் பிறகும் ஓரியனால் அப்பல்லோவைப்போல நிலாவை ஒட்டிய தாழ்ந்த பாதைக்குப் போய்த் திரும்ப முடியாது; கலத்தில் உள்ள எரிபொருள் போதாது. அதனால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு ஒருமுறை நிலாவை நெருங்கி விலகும் நீண்ட பாதையில் நிற்க வேண்டியிருக்கிறது. நெல்லையப்பர் தேர் ஆனி மாதத்தில் ஒருமுறை நான்கு ரத வீதியில் வந்தால் போதும், ஊரே கூடி வடம் பிடிப்பதுதான் அதன் அழகு. தினமும் பாளையங்கோட்டைக்கு வேலைக்குப் போக யாரும் தேரை இழுப்பதில்லை. எஸ்எல்எஸ் எனக்குத் தேராகத்தான் தெரிகிறது.

எரிபொருள் விஷயத்திலும் ஒரு பிடிவாதம் நடக்கிறது. திரவ ஹைட்ரஜன் திறமையானது, சந்தேகமில்லை. ஆனால் மைனஸ் 253 டிகிரியில் வைக்க வேண்டும், தொட்டி பூதாகரமாக வேண்டும், எந்த இடுக்கிலும் புகுந்து கசியும். 2022 செப்டம்பரில் எஸ்எல்எஸ் கிளம்பாமல் நின்றது இந்தக் கசிவால்தான். ரஷ்யாவிடம் கிரையோஜெனிக் தொழில்நுட்பம் வாங்கும் ஒப்பந்தம் 1993இல் அமெரிக்க நெருக்கடியால் முறிந்து, நாமே செய்த எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010 ஏப்ரலில் தோற்று, 2014 ஜனவரியில் வென்றது. ஹைட்ரஜன் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்பதை அந்த இருபது ஆண்டுகள் நமக்குச் சொல்லியிருக்கின்றன. மேல் அடுக்குக்கு அது இருக்கட்டும். கீழே மீத்தேன் போதும். மைனஸ் 161 டிகிரியில் திரவமாக நிற்கும், ஆக்சிஜனோடு ஏறக்குறைய ஒத்த குளிர், தொட்டியும் சிறிது.

மீத்தேன் என்றதும், அதில் ஓடும் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் ரசிகர்கள் ஓடி வருவார்கள். 2024 அக்டோபர் 13 அன்று 33 எஞ்சின் கொண்ட அந்த முதல் அடுக்கு திரும்பி வந்து கோபுரத்தின் கைகளுக்குள் நின்றதை நானும் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டியவன்தான். அடிக்கடி பறக்கட்டும், உடையட்டும், கற்றுக்கொள்ளட்டும் என்ற அவர்கள் போக்கும் எனக்குப் பிடிக்கும். நிலாவில் இறங்கும் கலமாக அதைத் தேர்ந்தெடுத்ததில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே ஒரு இறக்கத்துக்குப் பத்து, அதற்கும் மேற்பட்ட டேங்கர் பறப்புகள் எரிபொருளைக் கொண்டுபோய் ஊற்ற வேண்டும் என்கிறார்கள். 2024 மார்ச்சில் செய்து பார்த்தது ஒரே கலத்துக்குள் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு ஆக்சிஜனை மாற்றும் சோதனை. இரண்டு கலங்களுக்கு இடையே டன் கணக்கில் மாற்றுவது வேறு பரீட்சை. அப்புறம் அந்த உயரம். அப்பல்லோ இறங்குகலம் 7 மீட்டர். இது 50 மீட்டர், ஆட்கள் லிஃப்டில் இறங்கி வர வேண்டும், அதுவும் மேடும் குழியுமான தென் துருவத்தில். லிஃப்ட் நின்றுபோனால் மெக்கானிக்கை எங்கிருந்து கூப்பிடுவது?

இந்தப் போட்டியில் என் மனத்துக்கு நெருக்கமான வரைபடம் சீனாவுடையது. சொன்னால் சிலருக்குப் பிடிக்காது, பரவாயில்லை. லாங் மார்ச் 10, நிலாவை நோக்கி 27 டன். ஒரு ராக்கெட்டில் இறங்குகலம் போகும், இன்னொன்றில் ஆட்கள் போவார்கள், நிலாவின் பாதையில் சேர்ந்துகொள்வார்கள். அதே ராக்கெட்டின் ஒற்றை உடல் வடிவம் பூமியைச் சுற்றும் அவர்களது நிலையத்துக்குப் போய்வரும். அன்றாடம் ஓடுகிற வண்டியின் உடம்பே நிலாவுக்கும் போகிறது. முதல் அடுக்கின் ஏழு எஞ்சின்களையும் சேர்த்து 2025 ஆகஸ்டில் தரையில் எரித்துப் பார்த்தார்கள்.

நமக்கு வருவோம். 2040இல் இந்தியர் ஒருவர் நிலாவில் கால்வைக்க வேண்டும் என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. மீத்தேனில் ஓடி, முதல் அடுக்கு திரும்பி வரும் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு 30 டன். இது போதாது, இதைவிடப் பெரிதாக ஒன்று வேண்டும் என்ற பேச்சு இப்போதே தொடங்கிவிட்டது. போதும் என்கிறேன் நான். பூமியைச் சுற்றி நிற்கும் எடையில் பாதிக்கும் மேல், நிலாவை நோக்கித் தள்ளும் எரிபொருளுக்கும் அதன் தொட்டிக்கும் போய்விடும். அந்தக் கணக்கில் ஆட்கள் போகும் கலத்துக்கு மூன்று ஏவல், இறங்குகலத்துக்கு மூன்று ஏவல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு.

“ஆறில் ஒன்று தவறினால் என்ன செய்வீர்கள் அத்தான்?” என்று என் மைத்துனர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். தவறுவது எரிபொருள் ஏற்றிப் போனதாக இருந்தால் இன்னொன்றை ஏவலாம்; ராட்சத ராக்கெட் தவறினால் எல்லாமே ஒரே நாளில் போகும். ஆட்கள் கடைசியாக ஏற வேண்டும், மற்ற எல்லாம் மேலே சரியாகக் காத்திருக்கிறது என்று தெரிந்த பிறகு. எரிபொருள் ஆவியாகாமல் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பது உண்மையான சிக்கல், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் இணைக்கும் வித்தையை நாம் தொடங்கியாயிற்று. 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு சிறு செயற்கைக்கோள்கள் இணைந்தன. நிலாவிலிருந்து மண் கொண்டுவரப் போகும் சந்திரயான்-4 இரண்டு எல்விஎம்3 ராக்கெட்டுகளில் பாகம் பாகமாகப் போய் மேலே சேரப்போகிறது. இருக்கிற ராக்கெட்டை வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துப் போட்ட அந்தத் திட்டத்தைப் பார்க்கும்போது ஹூபோல்ட் நினைவுதான் வருகிறது.

ஒரு கோரிக்கையும் உண்டு. புதிய மீத்தேன் எஞ்சினைத் தனித்தனியாக எரித்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், முதல் அடுக்கை எல்லா எஞ்சின்களோடும் முழு நேரமும் எரிக்கும் மேடையைக் கட்ட வேண்டும். மகேந்திரகிரியில் அதற்கு இடம் போதாதென்றால் ஸ்ரீஹரிகோட்டாவில் கட்டட்டும். அங்கே முக்கியமாக இந்த ராக்கெட்டை மனத்தில் வைத்து மூன்றாவது ஏவுதளத்துக்குச் சுமார் 3,985 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எங்கள் பக்கம் வந்தால் சத்தத்துக்கும் புகைக்கும் ஊர்க்காரர்கள் முணுமுணுப்பார்கள், அதற்கும் முறையாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று, அந்த 8,240 கோடியில் அடங்கியிருப்பவை மூன்று சோதனைப் பறப்புகள். சாட்டர்ன் 5 ஆளில்லாமல் இரண்டே முறை பறந்தது, அதிலும் இரண்டாவது பறப்பில் கடும் அதிர்வும் எஞ்சின் கோளாறுகளும். 1968 டிசம்பரில் மூன்றாவது பறப்பிலேயே மூன்று பேரை நிலாவுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்குப் பின்னால் ரஷ்யா ஓடி வந்துகொண்டிருந்தது. நம்மை யாரும் துரத்தவில்லை. செயற்கைக்கோள்களையும் நம் விண்வெளி நிலையத்தின் பாகங்களையும் சுமந்து அந்த ராக்கெட் இருபது முறையாவது போய்வரட்டும். அதற்குள் 2040 தாண்டி 2043 ஆகிவிட்டால் ஆகட்டும்.