மனுவாக வேண்டாம், வரைவுச் சட்டமாகக் கொடுங்கள்

அனைவருக்கும் மருத்துவம் கேட்டுக் கையெழுத்து இயக்கம் நடத்தலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நடத்தத்தான் வேண்டும், ஆனால் எதன் கீழ் கையெழுத்து என்பது முக்கியம். தாய்லாந்தின் 1997 அரசியலமைப்பு, 50,000 வாக்காளர்கள் சேர்ந்தால் சட்ட வரைவையே நாடாளுமன்றத்துக்குத் தரலாம் என்றது. மக்கள் அமைப்புகள் அந்த வழியைப் பிடித்துக்கொண்டன. 2002-இல் அங்கே அனைவருக்கும் மருத்துவம் தரும் தேசிய சுகாதாரப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, அத்திட்டத்தின் நிர்வாக வாரியத்திலும் அவர்களுக்கு இடம் கிடைத்தது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வெற்றி.

கையெழுத்துப் படிவத்தில் பெயரும் முகவரியும் வாக்காளர் பட்டியலில் உள்ளபடியே இருக்கட்டும். வீடு மாறியவர்கள், இரண்டு முறை போட்டவர்கள் எல்லாம் சரிபார்ப்பில் கழிந்துவிடுவார்கள். அதனால் தேவைக்கு மேல் கால் பங்காவது கூடுதலாகச் சேருங்கள். எந்தெந்தச் சிகிச்சை, பணம் எந்த வரியிலிருந்து என்பதை வரைவிலேயே எழுதிவிடுங்கள்; நிதித்துறை முதலில் கேட்பது அதைத்தான்.